அடுப்பில்லாத அறைக்கு அரிசி மூட்டை

என் மகள் படிக்கும் பள்ளியில் நூலகத்தை ஒட்டிய சின்ன அறையை ஃபுட் பேன்ட்ரியாக, அதாவது கஷ்டப்படும் குடும்பங்களுக்கு உணவுப் பொருட்களை இலவசமாகத் தரும் இடமாக மாற்றியிருக்கிறார்கள். இங்கே டெக்சஸில் பல பள்ளிகளில் இப்படி ஒன்று உண்டு. வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணி நேரம் நானும் அங்கே நிற்பேன்.

போன மாதம் ஒரு அம்மாவிடம் 20 பவுண்டு அரிசி மூட்டையை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "நாங்கள் மோட்டலில் இருக்கிறோம், அறையில் மைக்ரோவேவ் மட்டும்தான்" என்றார். அந்த மூட்டை நான் வாங்கி வைத்தது. அவர் போன பிறகு அலமாரியைத் திரும்பிப் பார்த்தேன். பருப்பு, மாவு, எண்ணெய், ஓப்பனர் இல்லாமல் திறக்க முடியாத டின்கள். சமையலறை உள்ள நாங்கள், எல்லோருக்கும் அது இருக்கும் என்று நம்பிக் கொடுத்தவை.

வீடில்லாதவர் என்றால் பாலத்துக்கு அடியில் படுத்திருப்பவர் மட்டுமல்ல. வீடில்லாதவர்களுக்கு உதவ 1987ல் வந்த மெக்கின்னி-வென்டோ என்ற அமெரிக்கச் சட்டம் பள்ளிப் பிள்ளைகள் விஷயத்தில் இதைத் தெளிவாகச் சொல்கிறது. வாடகை கட்ட வழியில்லாமல் சொந்தக்காரர் வீட்டில் ஒண்டியிருக்கும் பிள்ளை, மோட்டலில் இருக்கும் பிள்ளை, காரில் தூங்கும் பிள்ளை எல்லோரும் அதில் அடக்கம். இப்படிக் கணக்கில் வரும் மாணவர்கள் அமெரிக்கா முழுக்க ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேல். பெரும்பாலானோர் பிறர் வீட்டில் ஒண்டியிருப்பவர்கள். அங்கே அடுப்பு இருக்கும், ஆனால் நினைத்த நேரத்தில் சமைக்க முடியாது. ஃப்ரிட்ஜில் ஒரு அடுக்குகூட அவர்களுக்கென்று இருக்காது.

நம் ஆட்கள் சிலர் கேட்கிறார்கள், "கார் வைத்திருக்கிறார்கள், அவர்களுக்கு எதற்கு இலவசம்?" என்று. இந்தக் கேள்வி எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது. இந்த ஊரில் கார் இல்லாமல் வேலைக்குப் போக முடியாது. சிலருக்கு அந்தக் காரே வீடு. மோட்டலுக்கு வாரா வாரம் கட்டுவதைக் கூட்டினால் ஒரு சின்ன அபார்ட்மென்ட் வாடகையைத் தாண்டிவிடும். ஆனால் அபார்ட்மென்ட்டுக்கு முன்பணம் வேண்டும், கடனை ஒழுங்காகக் கட்டிய வரலாறு இருக்கிறதா என்று கிரெடிட் பார்ப்பார்கள், முன்பு வாடகை வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்ட பதிவு இருந்தால் கதவையே திறக்க மாட்டார்கள். உணவு வாங்க அரசு உதவி தரும் ஸ்னாப் அட்டை இருக்கிறதே என்றால், அதில் பொதுவாகச் சூடான சாப்பாடு வாங்க முடியாது. சமைக்க இடமில்லாதவர் என்ன செய்வார்?

பள்ளி நாளில் பரவாயில்லை. இந்தப் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே இலவசமாகச் சாப்பாடு உண்டு, தனி விண்ணப்பம்கூட வேண்டாம். வெள்ளி மதியச் சாப்பாட்டுக்கும் திங்கள் காலைக்கும் நடுவில்தான் பிரச்சினை. தமிழ்நாட்டில் சத்துணவு சாப்பிட்டு வளர்ந்தவன் நான். சனி, ஞாயிறு என்றால் என்னவென்று எனக்குத் தெரியும்.

அதனால் கேட்கிறேன். வீட்டு அலமாரியில் மிஞ்சியதைத் தராதீர்கள். இழுத்துத் திறக்கிற ரிங் வைத்த டின், கப் நூடுல்ஸ், மைக்ரோவேவில் வைக்கிற சாதப் பாக்கெட், ஃப்ரிட்ஜ் தேவைப்படாத சின்னப் பால் டப்பா, சின்ன பாட்டில் பீனட் பட்டர். ஸ்பூன், காகிதத் தட்டு, சோப்பு. சோப்பும் டூத் பேஸ்ட்டும் ஸ்னாப்பில் வராது, அதனால் வைத்த உடனே தீர்ந்துவிடுகிறது. எல்லாம் பிள்ளையின் ஸ்கூல் பையில் அடங்க வேண்டும். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் புத்தகங்களை வெளியே எடுத்து, டின்களை அடியில் அடுக்கி, மேலே புத்தகத்தை வைத்து மூடியதைப் பார்த்தேன். பிளாஸ்டிக் கவர் வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினான். பேருந்தில் மற்ற பிள்ளைகள் பார்ப்பார்களே.

பொருள் வாங்க நேரமில்லை என்றால் பணமாகக் கொடுங்கள். பேன்ட்ரிகளுக்கு உணவுப் பொருட்களை மொத்தமாகத் தரும் ஃபுட் பேங்க் மூலம் வாங்கும்போது நாம் கடையில் வாங்குவதைவிட அதிகம் கிடைக்கும்.

இந்த வெள்ளி ஒன்றரை மணிக்குக் கிளம்புவேன். தருகிறவர்கள் வியாழன் இரவுக்குள் என் வீட்டு வாசலில் வைத்துவிடுங்கள். டின் என்றால் ரிங் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்து எடுங்கள்.