தோட்டைத் திருப்பிப் பாருங்கள்

ஞாயிற்றுக்கிழமை ஒரு நகைக்கடையின் இலவசச் சுத்த முகாமில் அம்மாவின் வைரத் தோட்டைக் கழுவிக் கெடுத்ததை எழுதியிருந்தேன். படமும் போட்டிருந்தேன். அதற்குக் கீழே மூன்று நாளாக வந்துகொண்டிருப்பதை எல்லாம் படித்துவிட்டு, பதில் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். நேற்றிரவு ஒருவர் எழுதிய ஒரே ஒரு வரி என்னைத் தூங்கவிடவில்லை. அந்த வரியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நான் கேட்டது ஒன்றுதான். கழுவுவதற்கு முன்னால் தோட்டைத் திருப்பிப் பார்த்திருக்க வேண்டும். முன்பக்கம் ஏழு கல் தோடு எல்லாமே ஒன்றுபோலத்தான் இருக்கும். அதை எப்படிக் கட்டியிருக்கிறார்கள், அதாவது கல்லைத் தங்கத்தில் எப்படிப் பதித்திருக்கிறார்கள் என்று பின்பக்கம்தான் சொல்லும். கல்லின் அடிக்கூர் கண்ணுக்குத் தெரிந்தால் அது திறந்த கட்டடம். தைரியமாகத் தண்ணீரில் போடலாம். பின்பக்கம் முழுவதும் தங்கத்தால் மூடியிருந்தால் அது மூடிய கட்டடம். அந்தக் காலத்து நகைகளில் கல்லுக்கு அடியில் பளபளக்கும் மெல்லிய தகடு ஒன்றை வைத்து மூடியிருப்பார்கள். கல்லுக்குள் இறங்கும் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவது அந்தத் தகடுதான். உள்ளே ஈரம் போனால் தகடு கறுக்கும். தகடு கறுத்தால் கல் செத்துவிடும். அம்மாவின் இடது தோட்டில் இப்போது நான்கு கல் அப்படித்தான் கிடக்கிறது. வெள்ளையாக இருந்த கல், புகை படிந்த விளக்குக் கண்ணாடிபோல இருக்கிறது.

அந்த மேசையில் இருந்த பையனுக்கு இருபது வயதுகூட இருக்காது. தோட்டை வாங்கினான், ஒரு கம்பிக் கூடையில் போட்டான், அல்ட்ராசோனிக் இயந்திரத்துக்குள் இறக்கினான். காதுக்குக் கேட்காத ஒலியால் தண்ணீரை அதிரவைத்து, நுண்ணிய குமிழிகளை உண்டாக்கி, அவை உடையும் வேகத்தில் அழுக்கை உலுக்கி எடுக்கும் இயந்திரம் அது. நல்ல இயந்திரம்தான், இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் விரல் நுழையாத இடத்திலெல்லாம் தண்ணீரைப் புகுத்துவதுதான் அதன் வேலையே. தளர்ந்த கல்லை இன்னும் தளர்த்தும். கீறலை வேறு பொருளால் நிரப்பிய கல்லையும், மூடிய கட்டடத்தையும் அதில் போடவே கூடாது. ஒரு முறை, ஒரே ஒரு முறை திருப்பிப் பார்த்திருந்தால் அந்தப் பையனுக்கே தெரிந்திருக்கும். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. மேலாளர் வந்து, "பழைய நகை அம்மா, ஏற்கெனவே இப்படித்தான் இருந்திருக்கும், கொடுத்துவிட்டுப் புதிதாக எடுத்துக்கொள்ளுங்கள்" என்றாரே, அவர்மேல்தான் கோபம்.

"உலகத்திலேயே கெட்டியான பொருள் வைரம், அதற்கு என்ன ஆகிவிடும்?" என்று குறைந்தது பத்துப் பேர் கேட்டிருக்கிறீர்கள். கெட்டி என்றால் கீறல் விழாது என்று பொருள். கெட்டித்தன்மையை அளக்கும் மோஸ் அளவுகோலில் வைரத்துக்கு 10, அதற்கு மேல் எண்ணே இல்லை. கீறல் விழாது என்பதால் உடையாது என்று ஆகிவிடுமா? வைரத்துக்குள் நான்கு திசைகளில் பிளக்கும் தளங்கள் இருக்கின்றன. அந்தத் தளம் பார்த்துத்தான் பட்டை தீட்டுபவர்கள் ஒரே தட்டில் கல்லை இரண்டாகப் பிளப்பார்கள். சமையல் மேடையின் கருங்கல்லில் விளிம்பு படும்படி விழுந்தால் வைரமும் சில்லுப் பெயரும். அது போகட்டும். கெட்டியாக இருப்பது கல்தானே? அதைப் பிடித்துக்கொண்டிருப்பது தங்கம் அல்லவா? 22 காரட் தங்கம் எவ்வளவு மென்மையானது என்று நம் வீட்டுப் பெண்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பற்பசை போட்டுத் தேய்க்கச் சொல்பவர்களே, பற்பசையில் இருக்கும் பொடி வைரத்தை ஒன்றும் செய்யாது. கல்லைப் பிடித்திருக்கும் மெல்லிய தங்கப் பற்களைத்தான் தேய்க்கும். வருடம் முழுக்கத் தேய்த்தால் ஒருநாள் கல் கழன்று சாக்கடைக்குப் போகும். பிளீச்சிங் தண்ணீரில் துணி அலசும் கையில் வைர மோதிரம் போட்டிருக்கிறீர்களா? தயவுசெய்து கழற்றிவிடுங்கள். குளோரின், தங்கத்தில் கலந்திருக்கும் மற்ற உலோகங்களை அரிக்கும்.

வைரம் மங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் எண்ணெய்ப் பசைதான். வைரத்தில் தண்ணீர் ஒட்டாது, எண்ணெய் ஒட்டும். தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி சுரங்கத்தில் வைரத்தைப் பிரித்தெடுத்ததே அப்படித்தான். மசகு தடவிய மேசைமேல் பொடித்த கல்லைத் தண்ணீரோடு ஓடவிட்டால், வெறும் கல் எல்லாம் ஓடிவிடும், வைரம் மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கும். நம் தலையில் தேங்காய் எண்ணெய், முகத்தில் மஞ்சள், காதோரம் வியர்வை. ஒட்டாமல் என்ன செய்யும்?

எங்கள் ஆயாவுக்கு கிம்பர்லியும் தெரியாது, மோஸும் தெரியாது. ராயபுரத்தில் கருவாடு விற்றவர். வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்ப்பதற்கு முன் தோட்டைக் கழற்றிவிடுவார். மாதத்துக்கு ஒரு முறை தரையில் தாம்பாளம் வைத்து, அதன்மேல் தாத்தாவின் கிழிந்த வேட்டியை நான்காக மடித்துப் போடுவார். பித்தளைக் கிண்ணத்தில் பூந்திக்கொட்டையை ஊறவைத்து நுரைத்த வெதுவெதுப்பான தண்ணீர். மூக்குத்தியை, அது திறந்த கட்டடம் என்பதால், அப்படியே உள்ளே போட்டுவிடுவார். தோட்டைப் போடமாட்டார். துடைப்பத்து ஈர்க்குச்சியின் நுனியில் பஞ்சைச் சுற்றி, நனைத்து, நன்றாகப் பிழிந்து, ஏழு கல்லின் முகத்தையும் ஒவ்வொன்றாகத் துடைப்பார். உடனே உலர்ந்த பஞ்சால் ஒற்றி எடுப்பார். பிறகு கல்லின்மேல் வாயால் ஊதுவார். மூச்சின் ஆவி படிந்த வேகத்திலேயே மறையும். "பார், ஓடிவிட்டது" என்பார். வைரம் சூட்டைச் சட்டென்று கடத்திவிடும், அதனால்தான் ஆவி நிற்பதில்லை என்று நான் பின்னால் பள்ளியில் படித்தேன். கடைசியாகத் தோட்டைத் திருப்பி, திருகு மாட்டும் சுரையோரம் ஈரம் நிற்கிறதா என்று வெளிச்சத்தில் பார்ப்பார். எழுதப் படிக்கத் தெரியாத ஆயா திருப்பிப் பார்த்தார். குளிரூட்டிய கடையில் கழுத்துப்பட்டை கட்டி நிற்பவர்கள் பார்க்கவில்லை.

குழாயடியில் நகை கழுவக் கூடாது என்பது அவர் கற்றுத்தந்தது. மூக்குத்தியைத் தோட்டோடு ஒரே டப்பியில் போடக் கூடாது என்பதும் அவர் சொன்னதுதான். வைரத்தைக் கீற வைரத்தால் முடியும் என்பதை அவர் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டிருந்தார்.

"இலவசமாகத்தானே செய்துகொடுத்தார்கள், அதற்குப் போய் இவ்வளவா?" என்கிறீர்கள். காசு வாங்காமல் கெடுத்தால் கெடுத்ததாகாதா?

"நீங்கள்தானே கழற்றிக் கொடுத்தீர்கள், மூடிய கட்டடம் என்று நீங்கள் சொல்லியிருக்கலாமே?" என்று எழுதியவருக்குப் பதில் சொல்ல எனக்கு இரண்டு நாள் பிடித்தது. ஆமாம், கழற்றிக் கொடுத்தது நான்தான். அம்மாவின் காதிலிருந்து என் கையாலேயே திருகைக் கழற்றினேன். அம்மா, "வேண்டாமே, வீட்டிலேயே துடைத்துக்கொள்ளலாம்" என்று சொன்னார். கேட்கவில்லை. எனக்குத் தெரிந்ததை அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும்தான். ஆனால் வைர நகையே விற்கும் கடையில், வைர நகையைச் சுத்தம் செய்யவென்றே போட்ட மேசையில், வாடிக்கையாளர் பாடம் நடத்த வேண்டும் என்று எதிர்பார்ப்பது எந்த ஊர் நியாயம்? மருத்துவரிடம் போகிறவர் ஊசியை எங்கே குத்த வேண்டும் என்று சொல்லித்தர வேண்டுமா?

இப்போது அந்த வரிக்கு வருகிறேன். "வண்ணாரப்பேட்டையில் அசல் வைரத்துக்கு எங்கே போவது, கறுத்துப்போனால் அது வைரமாகவே இருந்திருக்காது." இதற்கு நாற்பத்தொரு பேர் சிரித்திருக்கிறார்கள். அதில் எனக்குத் தெரிந்தவர்கள் மூன்று பேர்.

ஆயா அந்தத் தோட்டைச் சீட்டுக் கட்டி வாங்கினார். விடிவதற்குள் கூடை தூக்கியவர். ஒன்பது வருடச் சீட்டுப் பணம் சவுகார்பேட்டையில் பதினான்கு கல்லாக மாறியது. அது எங்கள் வீட்டில் அலங்காரத்துக்காக மட்டும் இருந்ததில்லை. அப்பாவுக்கு வேலை இல்லாத வருடம் அடகுக்குப் போனது. அக்காவின் பிரசவத்துக்குப் போனது. நான் கல்லூரியில் சேர்ந்தபோதும் போனது. அது அடகில் இருக்கும் மாதங்களில், காதுத் துளை தூர்ந்துவிடக் கூடாது என்று அம்மா வேப்பங்குச்சியைச் செருகிக்கொள்வார். தெருவில் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். அந்தக் குச்சியைப் பார்த்தாலே எல்லோருக்கும் புரியும், ஏனென்றால் எல்லோர் வீட்டிலும் அந்தக் குச்சி இருந்தது. ஒவ்வொரு முறையும் அடகுக்கடைக்காரர் கண்ணில் பூதக்கண்ணாடியை வைத்து, முதல் வேலையாகத் தோட்டைத் திருப்பித்தான் பார்த்தார். போலியா என்று அவர் எங்களைக் கேட்டதே இல்லை.

வடசென்னையில் வைரமா என்று சிரிக்கும் உங்களுக்கு மண்ணடிப் பவளக்காரத் தெரு எங்கே இருக்கிறது என்று தெரியுமா? யூத வணிகர்கள் மத்தியதரைக் கடலிலிருந்து பவளத்தைக் கொண்டுவந்து, கோல்கொண்டா வைரத்தை வாங்கிப்போனதன் அடையாளம் அந்தப் பெயர். 1720-களில் பிரேசிலில் கிடைக்கத் தொடங்கும்வரை உலகத்துக்கு வைரம் போனது பெரும்பாலும் இந்தியாவிலிருந்துதான். அந்த வியாபாரத்துக்குப் பெரிய வாசலாக இருந்தது ஜார்ஜ் கோட்டையும் அதை ஒட்டிய இந்தத் தெருக்களும். கோட்டையின் கவர்னராக 1698 முதல் 1709 வரை இருந்த தாமஸ் பிட், கிருஷ்ணா நதிக்கரைக் கொல்லூர் சுரங்கத்தின் 410 காரட் கல்லை 48,000 வராகன் பொற்காசுக்கு வாங்கினார். பட்டை தீட்டி 140 காரட்டாகி, ரீஜென்ட் என்ற பெயரில் இன்று பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிரெஞ்சு அரசர்கள் சூடிய கல் கைமாறிய இடத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு நடந்தே வந்துவிடலாம். எங்கள் தெருக்களில் வைரத்தைப் பார்த்தவர்கள் மூன்று நூற்றாண்டாக இருக்கிறார்கள். கறுத்தது கல் அல்ல, கல்லுக்கு அடியில் இருந்த தகடு. முதல் பதிவிலேயே இதைத்தான் எழுதியிருந்தேன். படிக்காமலே சிரித்திருக்கிறீர்கள்.

செவ்வாய்க்கிழமை தோட்டை மண்ணடியில் ஒரு பழைய பத்தரிடம் எடுத்துப்போனேன். எழுபதைத் தாண்டியவர். வணக்கம் சொல்லும் முன்பே தோட்டை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தார். நகக்கண்ணால் ஓரத்தைத் தடவி, "தண்ணீர் காட்டிவிட்டார்களா அம்மா?" என்று கேட்டார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. கல் ஒன்றுக்கும் பழுதில்லை என்றார். நான்கையும் திறந்து, தகடு மாற்றி, மறுபடி மூடித்தர ஒரு வாரம் ஆகும். தங்கம் பழையது, திறக்கும்போது விளிம்பு கிழியலாம், கிழிந்தால் எவ்வளவு சேர்த்தேன் என்று எடைபோட்டுக் காட்டுவேன் என்றார். எதிரிலேயே உட்கார்ந்து பார்க்கட்டுமா என்று கேட்டேன். "தாராளமாக உட்காருங்கள், வெளிச்சத்தை மட்டும் மறைக்காதீர்கள்" என்றார்.

அந்த நகைக்கடையிலிருந்து இன்று காலை அழைத்து, பதிவை எடுத்துவிட்டால் செய்கூலி இல்லாமல் ஒரு மூக்குத்தி தருவதாகச் சொன்னார்கள். எடுக்கமாட்டேன். அம்மா வலது தோட்டை மட்டும் போட்டுக்கொள்ள மனமில்லாமல் அதையும் கழற்றி வைத்துவிட்டார். இன்று மாலை நான் வீட்டுக்குள் நுழைந்தபோது இரண்டு காதிலும் வேப்பங்குச்சி இருந்தது.