மெசையாவுக்கு டிக்கெட் வாங்கும் முன் கோரஸில் எத்தனை பேர் என்று பாருங்கள்

டிசம்பர் வந்தால் டொராண்டோவில் ஒரே படைப்புக்கு மூன்று வாசல் திறக்கும். ராய் தாம்சன் ஹாலில் டொராண்டோ சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவும் மெண்டல்சன் கொயர் என்ற பெரிய பாடகர் குழுவும் சேர்ந்து நடத்துவது ஒன்று. பழங்கால வாத்தியங்களை வாசிக்கும் சின்னக் குழுவான டாஃபல்மூசிக் கோர்னர் ஹாலில் வழக்கமாக நடத்துவது இன்னொன்று. அதே குழு மாஸி ஹாலில் வந்தவர்களையும் சேர்த்துப் பாடவைப்பது மூன்றாவது. மூன்றுமே ஹேண்டல் பைபிள் வசனங்களுக்கு இசையமைத்த 'மெசையா'தான், ஆனால் காதில் விழுவது மூன்று வேறு வேறு சங்கதி. "எதுக்குப் போகலாம்?" என்று கேட்டால் "பெரிய ஹால், பெரிய கொயர், அதுக்கே போங்க" என்றுதான் பலரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. முதல்முறை கேட்கப் போகிறவர் சின்னக் குழுவுக்குத்தான் போக வேண்டும். காரணம் அந்த இசை எழுதப்பட்ட விதத்திலேயே இருக்கிறது.

1741 ஜூலையில் ஹேண்டல் இத்தாலிய மொழியில் சில டூயட்டுகள் எழுதினார். தேர்ந்த பாடகர்கள் இரண்டு பேர், பக்கத்தில் ஹார்ப்சிகார்ட் என்ற பழைய விசைப்பலகை வாத்தியம் ஒன்று, ஒரு செல்லோ, அவ்வளவே. அடுத்த மாதம் 22-ஆம் தேதி மெசையாவைத் தொடங்கி செப்டம்பர் 14-ல் முடித்துவிட்டார், 24 நாள். அந்த வேகத்தில், கையிலிருந்த டூயட் மெட்டுகளை எடுத்து நான்கு கோரஸ்களில், அதாவது கொயர் சேர்ந்து பாடும் பாட்டுகளில், வைத்துவிட்டார். 'நமக்கு ஒரு பாலகன் பிறந்தார்' என்று வரும் 'ஃபார் அன்ட்டு அஸ்' அதில் ஒன்று. 'ஆண்ட் ஹி ஷல் ப்யூரிஃபை', 'ஹிஸ் யோக் இஸ் ஈஸி', 'ஆல் வி லைக் ஷீப்' மற்ற மூன்று. அதாவது இரண்டு தொண்டைகளுக்காக எழுதிய பிருகாக்களை ஒரு கூட்டமே பாட வேண்டியிருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 'ஃபார் அன்ட்டு அஸ்' மெட்டின் மூல டூயட் 'நோ, டி வோய்' என்று ஆரம்பிக்கும். "இல்லை, உன்னை நம்பமாட்டேன்" என்று காதலைப் பார்த்துச் சொல்லும் பாட்டு. அந்த 'நோ' உட்கார்ந்த இடத்தில் இப்போது 'ஃபார்' உட்கார்ந்திருக்கிறது. 'ஏனென்றால்' என்ற ஒன்றுமில்லாத சொல்லுக்கு அத்தனை அழுத்தம் விழுவது அதனால்தான். நல்ல கொயர் அதை லேசாகத் தொட்டுவிட்டு 'சைல்ட்' என்ற சொல்லுக்கு எடையை நகர்த்தும். மோசமான கொயர் ஒவ்வொரு முறையும் 'ஃபார்' என்று குத்தும். கொயரின் தரத்தை அறிய இந்த ஒரு வார்த்தை போதும்.

இப்போது கணக்குக்கு வருவோம். அந்தக் கோரஸின் ஓட்டத்தில் நொடிக்கு ஏறக்குறைய 5 ஸ்வரம் வரும். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். நூறு பேர் 17 மீட்டர் அகலத்துக்கு நின்றால், இந்த ஓரத்துக் குரல் அந்த ஓரத்துக்காரர் காதுக்குப் போய்ச் சேர நொடியில் 20-ல் ஒரு பங்கு ஆகும். ஒரு ஸ்வரத்தின் நீளமே 5-ல் ஒரு பங்கு நொடிதான். ஆக, பக்கத்து ஆளைக் காதால் பின்பற்றிப் பாடினால் கால் ஸ்வரம் பிந்திவிடும். அதனால் பெரிய கொயரில் எல்லோரும் நடத்துனரின் கையை மட்டும் பார்த்துப் பாட வேண்டும், காதை நம்பக்கூடாது. இதோடு ஹாலின் எதிரொலியும் சேர்ந்தால் பிருகா பிருகாவாக வராது, மாவு கரைத்த மாதிரி வரும். 25, 30 பேர் நெருங்கி நின்றால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் எழுவதே இல்லை.

பெரிய கூட்டம்தான் மரபு என்று நினைப்பவர்களுக்கு: 1742 ஏப்ரல் 13-ல் டப்ளின் ஃபிஷாம்பிள் தெருவில் முதல் கச்சேரி நடந்தபோது கூட்டம் இருந்தது மேடையில் அல்ல, எதிரே. 700 பேரை அடைப்பதற்காகப் பெண்களை வளையப் பாவாடை இல்லாமலும் ஆண்களை வாள் இல்லாமலும் வரும்படி கேட்டுக்கொண்டார்கள். 1754-ல் லண்டன் அனாதைக் குழந்தைகள் இல்லத்தில் நடந்ததற்குக் கணக்குச்சீட்டே இருக்கிறது. வாத்தியக்காரர்கள் 38 பேர் அளவில், கோரஸில் 19 பேர். கோரஸைவிட வாத்தியம் இரண்டு மடங்கு! ஹேண்டல் இறந்தது 1759-ல். கூட்டம் பெருத்தது அதற்குப் பிறகுதான். 1784-ல் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் 500 பேருக்கு மேல், 1857-ல் கிரிஸ்டல் பேலஸில் பாடகர்கள் மட்டும் 2,000 பேர். மாஸி ஹாலே 1894 ஜூனில் மெசையாவோடுதான் திறக்கப்பட்டது. அதுவும் அந்தக் காலத்து வழக்கப்படி பெரும் கொயரோடுதான்.

பெரிய குழுவுக்கும் அதற்கென்று இடம் உண்டு. 'ஹல்லேலூயா', கடைசியில் வரும் 'வொர்த்தி இஸ் த லாம்ப்' இரண்டும் நீளமான ஸ்வரங்களும் அகலமான நடையும் கொண்டவை. நூறு பேர் பாடும்போது தரையே அதிரும். அதற்காகப் போகிறவர்களைத் தடுக்கவில்லை. ஆனால் ஐம்பதுக்கு மேற்பட்ட உருப்படிகளில் இந்த இரண்டுக்காக மற்றதையெல்லாம் விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்துகொண்டு போகட்டும்.

அறிவிப்பைப் படிக்கும்போது அடுத்துப் பார்க்க வேண்டியது, எந்தப் பதிப்பு என்பது. 1789-ல் மோட்சார்ட் ஜெர்மன் மொழியில் செய்த மாற்றமைப்பில் புல்லாங்குழல், கிளாரினெட், டிராம்போன் எல்லாம் சேர்ந்திருக்கும். டொராண்டோ சிம்பொனிக்காக ஆண்ட்ரூ டேவிஸ் முழு நவீன ஆர்கெஸ்ட்ராவுக்குச் செய்த வடிவத்தில் மரிம்பா (மரக்கட்டைகளைத் தட்டி வாசிப்பது) உள்பட தாள வாத்தியங்கள் வரும். கேட்க உற்சாகமாக இருக்கும், ஆனால் முதல்முறைக்கு வேண்டாம். மூலத்தை அறிந்தவருக்குத்தான் அந்தக் குறும்பு புரியும்.

பிறகு ஸ்ருதி. பழங்கால வாத்தியக் குழுக்கள் இன்றைய 440 ஹெர்ட்ஸுக்குப் பதில் 415-ல் சேர்த்துக்கொள்வார்கள். நம் கணக்கில் அரைக்கட்டை இறக்கம். சொப்ரானோக்களுக்கு, அதாவது உச்சக் குரல் பெண்களுக்கு, மேல் ஸ்வரங்களில் கத்தாமல் பாட வழி கிடைக்கிறது. கம்பிக்குப் பதில் விலங்கு நரம்பு கட்டிய வயலின்களின் ஓசை கொஞ்சம் மெல்லியதாகவும் சொரசொரப்பாகவும் இருக்கும். கனடா டிசம்பரில் ஹீட்டர் போட்ட ஹால் காய்ந்து கிடக்கும், நரம்பு அதற்கு உடனே அசையும். அதனால்தான் நடுநடுவே நிறுத்திச் ஸ்ருதி சேர்ப்பார்கள், இடைவேளையில் ஹார்ப்சிகார்டையும் ஒருவர் வந்து சரிசெய்வார். பொறுத்துக்கொள்ளுங்கள்.

டிரம்பெட்டில் பிசிறு தட்டினாலும் முகம் சுளிக்க வேண்டாம். பழைய டிரம்பெட்டில் வால்வு கிடையாது. உதட்டால் மட்டுமே ஸ்வரத்தைப் பிடிக்க வேண்டும். இயற்கையாக அதில் எழும் 11-ஆவது ஸ்வரம் நம் மத்திமத்தில் சுத்தமும் இல்லாமல் பிரதியும் இல்லாமல் நடுவில் நிற்கும். பலர் இப்போது பக்கத்தில் துளை போட்ட டிரம்பெட் வைத்து அதைச் சமாளிக்கிறார்கள். அவர்களின் வேலை எவ்வளவு குறைவு, எவ்வளவு கடினம் என்பதையும் கவனியுங்கள். முதல் பகுதியில் 'க்ளோரி டு காட்' கோரஸில் மட்டும் வருவார்கள், அதுவும் "தூரத்திலிருந்து, கொஞ்சம் மெதுவாக" என்று ஹேண்டல் குறிப்பு எழுதியிருக்கிறார். பல குழுக்கள் அவர்களை மேடைக்கு வெளியே அல்லது மாடியில் நிறுத்துவார்கள். பிறகு 'ஹல்லேலூயா' வரை வேலையே இல்லை. குளிர்ந்துபோன உதட்டோடு நேராக உச்சத்துக்குப் போக வேண்டும். டிம்பனி என்ற பெரிய முரசு வாசிப்பவர் நிலைமை இன்னும் மோசம். 'ஹல்லேலூயா'வுக்கும் முடிவுக்கும் மட்டும் அடிப்பதற்காக இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருப்பார்.

அறிவிப்புகளில் யாரும் சொல்லாத விஷயம் வெட்டுகள். முழுதாகப் பாடினால் இசை மட்டும் 2 மணி 20 நிமிடம் அளவுக்குப் போகும். இடைவேளையோடு சேர்த்தே இரண்டு மணி நேரம் என்று போட்டிருந்தால் நிச்சயம் கத்தரி போட்டிருக்கிறார்கள். வழக்கமாகக் கைவைப்பது மூன்றாம் பகுதியில், 'ஓ டெத்' டூயட், 'இஃப் காட் பி ஃபார் அஸ்' என்ற தனிப்பாட்டு. இரண்டாம் பகுதியில் 'தௌ ஆர்ட் கான் அப் ஆன் ஹை'. அவை போனாலும் போகட்டும். ஆனால் 'ஹி வாஸ் டெஸ்பைஸ்ட்' பாட்டின் நடுப்பகுதியை வெட்டுவது எனக்குப் பொறுக்காது. முதல் பகுதி அசையாத துக்கம். நடுவில் சாட்டையடி போல வயலின்கள் துடிக்கும். மறுபடி முதல் பகுதி திரும்பும்போது பாடகர் புதுச் சங்கதிகள் போடுவார். நடுப்பகுதியை எடுத்தால் திரும்பி வரவும் வழியில்லை, சங்கதியும் இல்லை. பத்து நிமிடத்துக்கு மேல் ஓட வேண்டியது பாதியில் முடிந்துவிடும். நடத்துகிறவர்கள் எந்தெந்த உருப்படிகளைப் பாடுகிறோம் என்று இணையதளத்தில் ஒரு வரி போட்டால் என்ன குறைந்துவிடும்? டிக்கெட் காசு கொடுக்கிறவருக்கு அது தெரிய வேண்டாமா?

எங்கே உட்காருவது? ராய் தாம்சன் ஹால் 2,600 இருக்கைக்கு மேல் உள்ள இடம். தரைத்தளத்தின் முதல் சில வரிசைகளை வாங்கினால் வயலினும் தனிப்பாடகர்களும் நன்றாக விழும், பின்னால் உயரத்தில் நிற்கும் கொயரின் குரல் தலைக்கு மேலே போய்விடும். அதைவிட முதல் மாடியின் நடு இருக்கைகள் மேல். மேடைக்குப் பின்புறமோ பக்கவாட்டிலோ உள்ள இருக்கைகளில் கோரஸ் கேட்கும், ஆனால் தனிப்பாடகர் முகம் திருப்பி நிற்பதால் சொற்கள் மங்கும். கோர்னர் ஹாலில் 1,135 இருக்கைதான், எங்கே கிடைத்தாலும் எடுக்கலாம்.

மாஸி ஹாலில் சேர்ந்து பாடப் போகிறவர்கள் சொப்ரானோ, ஆல்ட்டோ (பெண்களின் மேல், கீழ்க் குரல்), டெனர், பாஸ் (ஆண்களின் மேல், கீழ்க் குரல்) என்று உங்கள் குரலுக்கான பகுதியில் டிக்கெட் எடுங்கள். ஹேண்டல் வேஷத்தில் நடத்துனர் வந்து உங்களைக் கிண்டல் செய்வார். இசைத்தாள் கையில் வேண்டும். வாட்கின்ஸ் ஷா பதிப்பித்த நொவெல்லோ புத்தகம் பலரிடம் இருக்கும். வேறு பதிப்பு வைத்திருந்தால் பக்க எண்ணும் உருப்படி எண்ணும் ஒத்துவராது, முதல் வரியை வைத்துத்தான் தேட வேண்டும். தமிழ்நாட்டு சி.எஸ்.ஐ. கொயர்களில் பாடியவர்களுக்கு 'ஹல்லேலூயா' மனப்பாடமாக இருக்கும், 'ஆண்ட் த க்ளோரி'யும் எளிது. வீட்டில் பயிற்சி செய்ய வேண்டியது நான் மேலே சொன்ன அந்த நான்கு டூயட் கோரஸ்கள்தான். பாதி வேகத்தில், 'டா' என்ற எழுத்தை வைத்து, நான்கு நான்கு ஸ்வரமாகப் பிரித்து, ஒவ்வொரு நான்கின் முதல் ஸ்வரத்தையும் சற்றே அழுத்திப் பாடுங்கள். பிடிபட்ட பிறகுதான் 'ஆ'காரம். மூச்சு எங்கே என்று பென்சிலால் குறித்து வையுங்கள். ஓட்டத்தின் நடுவில் மூச்சு வேண்டுமானால் இரண்டு ஸ்வரத்தை விட்டுவிட்டு மறுபடி ஏறிக்கொள்ளலாம், பக்கத்து ஆள் பாடிக்கொண்டிருப்பார்.

இசையில் பழக்கமில்லாதவர் செய்ய வேண்டியது, சாகித்தியத்தை முன்கூட்டியே தமிழில் படித்துவிடுவது. சார்ல்ஸ் ஜென்னன்ஸ் தொகுத்த பாட்டுவரிகள் முழுக்கப் பைபிள் வசனங்கள்தான். ஏசாயா 40, 53 அதிகாரங்கள், 9:6, சங்கீதம் 2, 22, 24, யோபு 19:25-26, 1 கொரிந்தியர் 15-இன் கடைசிப் பகுதி, வெளிப்படுத்தின விசேஷம் 5, 19. அரைமணி நேரம் போதும். டெனர் தொடங்கும் முதல் வரி ஆங்கிலத்தில் ஒரே சொல் இரண்டு முறை வரும். நம் மொழிபெயர்ப்பில் "ஆற்றுங்கள், தேற்றுங்கள்" என்று இருக்கிறது. அந்த ராகத்துக்கு இதுவே பொருத்தம் என்று தோன்றும்.

'ஹல்லேலூயா'வுக்கு எழுந்து நிற்பதா? இந்த வழக்கத்துக்குக் காரணமாக, இரண்டாம் ஜார்ஜ் மன்னர் எழுந்ததாகச் சொல்லும் கதை, நடந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு 37 வருடம் கழித்து 1780-ல் எழுதிய ஒரு கடிதத்தில்தான் முதலில் வருகிறது. நின்றால் நில்லுங்கள், உட்கார்ந்தால் உட்காருங்கள். ஆனால் ஒன்று, கடைசி 'ஹல்லேலூயா'வுக்கு முன் எல்லோரும் சட்டென்று மௌனமாகும் ஓர் இடைவெளி உண்டு. அங்கே யாராவது கைதட்டிவிடுவார் அல்லது கோரஸில் ஒருவர் தனியாகக் குதித்துவிடுவார். இறுதி 'ஆமென்'னிலும் அதே பொறி இருக்கிறது. நடத்துனரின் கை இறங்கும்வரை உள்ளங்கைகளைப் பிரித்தே வையுங்கள்.

'ஹல்லேலூயா' முடிந்ததும் கோட்டை எடுத்துக்கொண்டு சப்வே பிடிக்க ஓடுகிறவர்கள் ஒவ்வொரு வருடமும் உண்டு. அது இரண்டாம் பகுதியின் முடிவு மட்டுமே. அடுத்த நிமிடம் சொப்ரானோ எழுந்து, வயலின்களும் கீழ்ஸ்வர வாத்தியங்களும் மட்டும் துணைக்கு வர, "என் மீட்பர் உயிரோடிருக்கிறார்" என்று பாடுவார். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் ஹேண்டலின் சிலை கையில் பிடித்திருக்கும் தாள் அந்தப் பாட்டுதான். கோட்டை மடித்து மடியில் வைத்துக்கொள்ளுங்கள், கோட் அறையில் கொடுத்தால் முடிவில் இருபது நிமிடம் வரிசையில் நிற்க நேரும்.