சும்மா உட்கார்ந்திருக்கவில்லை

“லீவு விட்டதும் பிள்ளைகளை லைப்ரரியில் விட்டுவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். ஃபேன் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது. அங்கே இருப்பவர்கள் சும்மாதானே உட்கார்ந்திருக்கிறார்கள், பார்த்துக்கொள்வார்கள்.”

நம்ம ஊர்க் குழுவில் மூன்று நாளாகச் சுற்றும் அந்தப் பதிவைத்தான் சொல்கிறேன். எனக்கு மட்டும் பதினோரு பேர் அனுப்பினார்கள். முதல் நாள் பேசாமல் விட்டுவிட்டேன். நேற்று ராத்திரி கீழே இருந்த கமெண்டுகளை எல்லாம் படித்தேன். படித்திருக்கக் கூடாது. சிரித்துப் பதில் போட்டவர்களில் இரண்டு பேர் எங்கள் நூலகத்து உறுப்பினர்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்கு என் கையால் புத்தகம் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். எந்த நூலகம் என்று இங்கே போடவில்லை, தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

நான் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை.

ஏப்ரல் மாதம் எனக்கு எப்படிப் போகிறது என்று சொல்கிறேன். முழு ஆண்டுத் தேர்வு முடிவதற்குள் வெளியே போன புத்தகங்களைத் திரும்ப வாங்க வேண்டும். கடைசிப் பரீட்சை எழுதிய மறுநாளே பிள்ளைகள் ஆத்தூர், எடப்பாடி, தர்மபுரி என்று பாட்டி ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள், புத்தகமும் கூடவே போய்விடும். அதனால் ஒவ்வொரு வீட்டுக்கும் என் சொந்த போனிலிருந்து கூப்பிடுகிறேன். பாதிப் பேர் கடன்காரன் கூப்பிட்டது போலப் பேசுகிறார்கள். போன வருடம் ஒரு படக்கதைப் புத்தகம் ஏற்காட்டுக்குப் போய், காரின் பின்சீட்டிலேயே இரண்டு மாதம் வெயிலில் கிடந்து திரும்பி வந்தது. இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏதோ ஒன்றில் பிள்ளை வாந்தி எடுத்த அடையாளம் அட்டையிலேயே இருந்தது. அந்த அம்மா மன்னிப்புக் கேட்டார். பரவாயில்லைங்க என்று வாங்கித் துடைத்து, காயவைத்து, புது அட்டை போட்டேன். இப்போதும் அந்தப் புத்தகம் வெளியே போய்வந்துகொண்டுதான் இருக்கிறது.

வந்த புத்தகங்களைப் பதிவு எண் பார்த்துச் சரிபார்க்க வேண்டும். முதுகு விட்டுப்போனதற்குப் பசை தடவி, துணி ஒட்டி, மேலே கனம் வைத்து ஒரு நாள் விட வேண்டும். தேதிச் சீட்டு நிரம்பியதற்குப் புதுச் சீட்டு. அப்புறம் அலமாரி. குழந்தைகள் அலமாரியைக் காலையில் அடுக்கினால் பதினொரு மணிக்கு அது அலமாரி மாதிரியே இருக்காது. அதற்காகப் பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன், புத்தகம் கலைவது நல்ல விஷயம். ஆனால் விலங்குகள் புத்தகம் விடுகதை வரிசைக்குள் போய்விட்டால், அடுத்து அதைத் தேடி வரும் பிள்ளைக்கு அது இல்லாத புத்தகம்தான். அதை ஒருவர் எடுத்துத் திரும்ப வைக்க வேண்டும். அந்த ஒருவர் நான்தான்.

இதற்கு நடுவே, பீரோவுக்கு அந்தப் பக்கம் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறவர்கள். பிள்ளை ஒன்று சத்தமாகச் சிரித்தால் அங்கிருந்து புகார் வரும். பிள்ளையை அமைதியாக இரு என்றால் இந்தப் பக்கம் பெற்றோருக்குக் கோபம் வரும். அந்தப் பசங்கள் மேல் எனக்கு வருத்தமே கிடையாது. வீட்டில் ஒரே அறை, அதில் டிவி ஓடுகிறது, பாவம் எங்கே போய்ப் படிப்பார்கள்? இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது, இரண்டு பக்கமும் திட்டு வாங்குவது நான்.

‘எங்கள் வரிப்பணத்தில்தானே சம்பளம் வாங்குகிறார்கள்’ என்று ஒரு கமெண்ட். ஆமாம். நீங்கள் கட்டும் சொத்து வரியோடு நூலக வரி என்று ரூபாய்க்குப் பத்துப் பைசா சேர்த்துத்தான் வாங்குகிறார்கள். சுதந்திர இந்தியாவில் முதல் பொது நூலகச் சட்டம் நம் மாநிலத்தில்தான் வந்தது, 1948இல். அம்மாபேட்டையில் என் வீட்டுக்கு நானும் அந்த வரியைக் கட்டுகிறேன். வரி கட்டுகிற உரிமையில் என்னைக் கேளுங்கள். ஏன் இந்தப் புத்தகம் இல்லை, ஏன் பிள்ளைகள் பகுதிக்குப் புது நாற்காலி வரவில்லை என்று கேளுங்கள். இத்தனை வருடத்தில் ஒருவர்கூட அப்படிக் கேட்டதில்லை. எத்தனை மணிக்குத் திறப்பீர்கள், எத்தனை மணிக்குப் பூட்டுவீர்கள், அவ்வளவுதான் கேட்கிறார்கள்.

‘சென்னையில் அண்ணா நூற்றாண்டு நூலகத்தைப் போய்ப் பாருங்கள், மதுரையில் கலைஞர் நூலகத்தைப் பாருங்கள்’ என்கிறார் இன்னொருவர். பார்த்திருக்கிறேன். சென்னையில் குழந்தைகள் பகுதிக்குள்ளேயே ஒரு பெரிய மரம் செய்து வைத்திருக்கிறார்கள், அதன் கீழே பிள்ளைகள் உட்கார்ந்து படிப்பதைப் பார்த்து ரொம்ப நேரம் நின்றேன். எங்களுக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று எழுதுங்கள், முதல் கையெழுத்து என்னுடையது. ‘இப்போ எந்தப் பிள்ளை புத்தகம் படிக்கிறது, எல்லாம் மொபைல்தான்’ என்றவருக்குப் பதில் சொல்லப் போவதில்லை. ஒரு சனிக்கிழமை காலையில் வந்து பாருங்கள்.

நூலக அறிவியல் படித்தபோது ரங்கநாதன் 1931இல் எழுதிய ஐந்து விதிகளை மனப்பாடம் செய்தோம். சீர்காழியில் பிறந்து, கணக்கு வாத்தியாராக இருந்து நூலகரானவர். ஒவ்வொரு வாசகருக்கும் அவருடைய புத்தகம், ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதன் வாசகர் என்பார். பரீட்சைக்காகப் படித்தபோது அது எனக்கு இரண்டு மார்க் கேள்வி. அதன் அர்த்தம் ஒரு நாலாம் வகுப்புப் பையனிடம்தான் புரிந்தது. அப்பா சங்ககிரியில் லாரி ஓட்டுகிறார். அம்மா இழுத்துக்கொண்டு வந்து விடுவார், அவன் எந்தப் புத்தகத்தையும் தொடமாட்டான். கதை கொடுத்தேன், வேண்டாம். படம் கொடுத்தேன், வேண்டாம். ஒரு நாள் வாசலில் நின்ற லாரியைப் பார்த்து, அதற்கு எத்தனை டயர், எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்று எனக்கே பாடம் எடுத்தான். மறுநாள் வண்டிகளைப் பற்றிய புத்தகம் ஒன்றைத் தேடி எடுத்து வைத்தேன். அதிலிருந்து இந்திய வரைபடம், அப்பா போகிற ஊர்கள், அப்புறம் அந்த ஊர்க் கதைகள். ஜூனில் ஆரம்பித்தது, டிசம்பரில்தான் முழுதாக ஒரு கதைப் புத்தகம் படித்து முடித்தான். அந்த ஆறு மாதமும் பார்க்கிறவர்களுக்கு நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாதிரிதான் தெரிந்திருக்கும்.

என் கதையும் அப்படித்தான். எங்கள் வீட்டில் தறி. அம்மா தறியில் உட்கார்ந்தால் நான் தார் சுற்றி, அதாவது நெய்யும் நூலைச் சிறு குச்சியில் சுற்றிக் கொடுக்க வேண்டும். ராட்டையைச் சுற்றிக்கொண்டே, கடையில் பொட்டலம் மடித்து வந்த தாளைப் படிப்பேன். ஒரு நாள் தெருமுனை நூலகத்தில் இருந்த அய்யா கூப்பிட்டு, ‘தாள் எதுக்கு பாப்பா, இதை எடுத்துட்டுப் போ, நூல் ஒட்டாம பார்த்துக்கோ’ என்று ஒரு புத்தகம் கொடுத்தார். அவரையும் தெருவில் ‘உட்கார்ந்து சம்பளம் வாங்குறவர்’ என்றுதான் சொல்வார்கள். நானும் அதைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன். அதை நினைத்தால் இப்போது அழுகை வருகிறது.

பிள்ளைகளை விட வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. போன மே மாதம் ஆறு வயதுப் பெண் குழந்தையைக் காலையில் டிபன் டப்பாவோடு விட்டுப் போனார்கள். மதியம் அதற்குக் காய்ச்சல். அம்மா போன் எடுக்கவில்லை. என் புடவை முந்தானையை நனைத்து நெற்றியில் போட்டுக்கொண்டே மற்றப் பிள்ளைகளுக்குப் புத்தகம் பதிந்தேன். பூட்டுகிற நேரம் தாண்டித்தான் அந்த அம்மா ஓடி வந்தார். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜவுளிக் கடையில் வேலை, போனைக் கல்லாவில் வாங்கி வைத்துக்கொள்வார்களாம். அங்கன்வாடிக்கு வயது தாண்டிவிட்டது, பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. ‘எங்கக்கா விடுவேன்?’ என்று அழுதார். திட்ட நினைத்து வைத்திருந்த ஒரு வார்த்தையும் வெளியே வரவில்லை. அவர் வேறு வழியில்லாமல் விட்டார். நீங்கள் ‘சும்மாதானே இருக்கிறார்கள்’ என்று விடச் சொல்கிறீர்கள். இரண்டும் ஒன்றில்லை.

என் மகளுக்கும் இதே லீவுதான். எனக்கு லீவு கிடையாது, அவளை ஓமலூரில் அம்மாவிடம் விடப் போகிறேன். ஊரார் பிள்ளைக்கெல்லாம் கதை சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனால் தொண்டை கட்டிக்கொள்கிறது. அவளுக்கு நான் கதை வாசித்து எத்தனையோ நாளாகிறது. நேற்று அவளும் அந்தப் பதிவைப் பார்த்துவிட்டு, ‘நீ சும்மாவா அம்மா இருக்கே?’ என்று கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

சரி. மே மாதம் பிள்ளைகளுக்குக் காலையில் இரண்டு மணி நேரம் கதை, காகித மடிப்பு, ஓவியம் என்று வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை நூலகம் விடுமுறை, மற்ற நாட்களில் உண்டு. கதை சொல்லத் தெரிந்தவர்கள், காகிதம் மடிக்கத் தெரிந்தவர்கள், ஒன்றுமே தெரியாவிட்டாலும் கிழிந்த புத்தகத்துக்குப் பசை தடவ ஒரு மணி நேரம் இருக்கிறவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். பணம் எதுவும் தர முடியாது. டீயும் தட்டுவடை செட்டும் என் செலவு. அந்தப் பதிவைப் போட்டவரும் வரலாம், உண்மையாகத்தான் கூப்பிடுகிறேன்.