ஆர்ச் மானிங்கைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி?

டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் அமெரிக்க ஃபுட்பால் அணியில் குவாட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்) ஆர்ச் மானிங். 2025 செப்டம்பரில், இந்தச் சனிக்கிழமை, பேச்சுவாக்கில் நான் அவரைக் கொஞ்சம் குறை சொல்ல, தம்பிக்குக் கோபம் வந்துவிட்டது. நடந்தது உங்களில் பாதிப் பேருக்கு நேரிலேயே தெரியும். மீதிப் பேருக்கு அன்றிரவே வாட்ஸப்பில் போய்ச் சேர்ந்திருக்கும். அதனால் முழுக்கதையையும் மறுபடி ஓட்டப்போவதில்லை. தம்பி எல்லார் முன்னாலும் சொன்ன அந்த ஒரு வரிக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்: "அண்ணா, நீங்க கிரிக்கெட் பத்தி எழுதுங்க, ஃபுட்பாலை எங்ககிட்ட விட்டுடுங்க."

சரி, விட்டுவிடுகிறேன். அதற்கு முன் நான் சொன்னதை இன்னொரு தடவை நிதானமாகச் சொல்லிவிடுகிறேன். ஆர்ச் மானிங் மோசமான குவாட்டர்பேக் என்று நான் சொல்லவே இல்லை. அவருக்கு ஏற்றிவைத்த மதிப்புக்கு இன்றைய தேதிக்கு அவர் பக்கத்தில்கூட வரவில்லை என்றேன். அவ்வளவுதான். அதற்கே சமோசாவைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து போகிற அளவுக்குக் கோபம்.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். ஆகஸ்ட் மாதம் ஏ.பி. வாக்கெடுப்பில் (கல்லூரி அணிகளைப் பத்திரிகையாளர்கள் வரிசைப்படுத்துவது) டெக்சாஸுக்கு முதலிடம். இந்தப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றிலேயே சீசன் தொடங்கும் முன் முதலிடம் கிடைத்தது இதுதான் முதல் தடவை. கல்லூரி ஃபுட்பாலின் சிறந்த ஆட்டக்காரருக்குத் தரும் ஹைஸ்மன் கோப்பை ஆர்ச்சுக்குத்தான் என்று சூதாட்டக்காரர்கள் வரை எழுதிவைத்துவிட்டார்கள். மூக்குக் கண்ணாடி விளம்பரத்தில்கூட அவர்தான். அப்புறம் கொலம்பஸுக்குப் போனோம். ஒஹாயோ ஸ்டேட் 14, நாம் 7. ஆர்ச் வீசிய முப்பது பாஸில் 17 போய்ச் சேர்ந்தன, மொத்தம் 170 யார்டு. மூன்றாவது குவாட்டரில் ஒரே ஒரு யார்டு தேவைப்பட்ட நான்காவது டவுனில் (கடைசி முயற்சியில்) அவரே பந்தோடு பாய்ந்து நின்றுபோனார். பலமான அணி, அவர்கள் ஊர், முதல் ஆட்டம். அதை நானே மன்னித்துவிட்டேன். சான் ஹோசே ஸ்டேட்டோடு நாலு டச் டவுன் (எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைச் சேர்த்துப் புள்ளி எடுப்பது) பாஸ் போட்டார், கைதட்டினேன்.

ஆனால் எல் பாசோ அணியோடு மூன்றாவது ஆட்டம்? சொந்த மைதானத்தில், 25 பாஸில் 11, வெறும் 114 யார்டு! நடுவில் தொடர்ச்சியாகப் பத்து பாஸ் யார் கையிலும் சேரவில்லை. காலை ஊன்றாமல், கையைத் தாழ்த்திப் பக்கவாட்டில் வீசுகிறார். ஆள் தனியாக நிற்கிறான், பந்து அவன் முதுகுக்குப் பின்னால் போகிறது. இதைப் பார்க்க ஃபுட்பால் பட்டப்படிப்பு வேண்டுமா? 27-10 என்று ஜெயித்தோம், இரண்டு டச் டவுனை அவரே ஓடி எடுத்தார், உண்மைதான். கால் நன்றாக இருக்கிறது. நான் கையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறேன்.

"மூன்று ஆட்டத்தை வைத்து எடைபோடலாமா?" என்று கேட்கிறீர்கள். போன வருஷம் அப்போதைய முதல் குவாட்டர்பேக் ஈவர்ஸ் காயம்பட்டபோது ஆடத் தொடங்கிய இரண்டே ஆட்டங்களை வைத்து நீங்கள் ஹைஸ்மனைக் கொடுத்தீர்களே, அப்போது இந்தப் பொறுமை எங்கே போயிருந்தது? புகழ்வதற்கு இரண்டு ஆட்டம் போதும், குறை சொல்ல மட்டும் முழு சீசன் வேண்டுமாம்.

கோடையிலேயே ஸ்டீவ் ஸ்பரியர் கேட்டுவிட்டார், இவர் அவ்வளவு பெரிய ஆள் என்றால் ஈவர்ஸை ஏன் ஆடவைத்தார்கள் என்று. 1966இல் ஹைஸ்மன் வாங்கிய மனிதர் அவர். அவரிடம் போய் "கிரிக்கெட் பத்தி எழுதுங்க" என்று சொல்லிப் பாருங்களேன். அந்த ஈவர்ஸே டிராஃப்டில் (தொழில்முறை அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுப்பதில்) கடைசிச் சுற்றான ஏழாவது சுற்றில், 231ஆவது ஆளாகத்தான் போனார்.

குவாட்டர்பேக்கைக் காக்கும் ஆஃபன்சிவ் லைனில் ஐந்து பேரில் நான்கு பேர் புதுசு என்பது நியாயமான பேச்சு. ஒத்துக்கொள்கிறேன், மேலே போவோம்.

மெதுவாக முன்னுக்கு வந்த குவாட்டர்பேக் என்று ஜோ பரோவை இழுத்தீர்கள். ஒஹாயோ ஸ்டேட்டில் பெஞ்சில் உட்கார்ந்தார், எல்.எஸ்.யு.வில் (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) முதல் வருஷம் சுமாராக ஆடினார், 2019இல் அறுபது டச் டவுன் பாஸ், பதினைந்துக்குப் பதினைந்து வெற்றி. அதேதான் நான் சொல்வதும்! அந்த முதல் வருஷத்தில் பரோவை யாராவது தலையில் தூக்கிவைத்து ஆடினார்களா? ஆடிக் காட்டினார், அப்புறம் பெயர் வந்தது. இங்கே பெயர் முதலில் வந்துவிட்டது. தாத்தா ஆர்ச்சி, சித்தப்பாக்கள் பேட்டனும் ஈலையும், எல்லாரும் பெயர்பெற்ற குவாட்டர்பேக்குகள்; சித்தப்பாக்கள் ஆளுக்கு இரண்டு சூப்பர் பௌல் (தொழில்முறை ஃபுட்பாலின் இறுதிப்போட்டி) ஜெயித்தவர்கள்.

ஒருவரும் கவனிக்காத விஷயம் ஒன்று. எல் பாசோ ஆட்டத்தில் எதிரணியின் குவாட்டர்பேக்காக நின்றவர் மலாக்கி நெல்சன். அவரும் 2023இல் ஐந்து நட்சத்திரம் (பள்ளி ஆட்டக்காரர்களுக்குத் தரும் உச்ச மதிப்பீடு) வாங்கியவர்தான், ஆர்ச் வாங்கிய அதே வருஷம். யு.எஸ்.சி., பாய்சி ஸ்டேட் என்று கல்லூரி கல்லூரியாகச் சுற்றி எல் பாசோவுக்கு வந்து சேர்ந்திருக்கிறார். "பையனுக்கு டைம் குடுங்க" என்று அவருக்காக யாராவது சமோசாவைக் கீழே வைத்தீர்களா? எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

எனக்கு இது ஏன் இவ்வளவு உறைக்கிறது என்று என் மனைவி கேட்டாள். பள்ளி அணியில் நான் ஓப்பனிங் பேட்ஸ்மேன். ஒரு வருஷம் நிர்வாகத்தில் இருந்தவரின் அக்கா மகன் வந்து சேர்ந்தான். அடுத்த ஆட்டத்திலிருந்து நான் ஏழாவது ஆள். அவன் டக் அடித்தால் "ஃபார்ம் வரும்". நான் பன்னிரண்டு ரன்னில் அவுட்டானால் "இவனுக்கு இவ்வளவுதான்". அவன் கெட்டவனில்லை, நல்ல பையன், டிபன் பாக்ஸைக்கூடப் பகிர்ந்துகொள்வான். ஆர்ச்சும் நல்ல பையன்தான். தோற்றால் யார் மேலும் பழி போடுவதில்லை. இதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று சொல்வீர்கள். உங்களுக்கு இல்லாமல் இருக்கலாம்.

இன்னொன்றும் தெளிவாக இருக்கட்டும். ஸ்டேடியத்தில் அவரைப் பார்த்துக் கூச்சல் போட்ட கூட்டத்தில் நான் இல்லை. இருபத்தொரு வயதுப் பையனைச் சொந்த ஊரே கத்தி அவமானப்படுத்துவது அசிங்கம். கத்தியவர்களில் பாதிப் பேர் ஆகஸ்டில் அவருடைய பதினாறாம் நம்பர் ஜெர்சி வாங்க வரிசையில் நின்றிருப்பார்கள். நான் ஆகஸ்டிலும் இதையேதான் சொன்னேன், செப்டம்பரிலும் இதையேதான் சொல்கிறேன். வீட்டுக்குள் உட்கார்ந்து, மரியாதையாக. அதற்கு எனக்குத் தகுதி இல்லையாம். இந்த ஊருக்கு வந்த புதிதில் பக்கத்து வீட்டு டெக்சாஸ்காரத் தாத்தாதான் எனக்கு நான்கு டவுனையும் கற்றுக்கொடுத்தார். அவர் ஒருநாளும் என்னிடம் தகுதிச் சான்றிதழ் கேட்டதில்லை. நம்ம ஆள்தான் கேட்கிறான்.

இந்த வாரம் சாம் ஹூஸ்டன் அணியோடு ஆட்டம். ஐந்தாறு டச் டவுன் விழும், "பார்த்தீங்களா அண்ணா" என்று மெசேஜும் வரும். அதற்கு நான் பதில் போடமாட்டேன். அக்டோபர் 4 ஃப்ளோரிடா, அடுத்த வாரமே டாலஸில் ஓக்லஹோமா, நவம்பரில் ஜார்ஜியா. அந்த மூன்றும் முடியட்டும், வீட்டுக்கு வா தம்பி, சமோசா என் செலவு.