மாட்டுக் காதுத் தோடு அறுந்தா என்ன பண்றது?
ஒவ்வொரு மாட்டுக்கும் 12 இலக்க நம்பர் போட்ட மஞ்சள் தோடு காதுல இருக்கணும்னு கட்டுரையில சொல்லிருக்கீங்க, நல்லதுதான், கோமாரி தடுப்பூசி சினை ஊசி எல்லாம் அந்த நம்பர்லயே கம்ப்யூட்டர்ல ஏறிடும், நோய் வந்தா மாடு எங்கேருந்து வந்துச்சுன்னும் பாத்துக்கலாம். ஆனா எங்க செவலை மாடு வேலிக்கருவைல உரசி உரசி ஒருநாள் காது மடல் கிழிஞ்சு ரத்தத்தோட வந்து நிக்குது, காதுல தோட்டைக் காணோம், புண்ணுல புழு வேற, வேப்பெண்ணெய் தடவித்தான் ஆத்துனோம். மறுதோடு போட ஆள் வர்றதுக்குள்ள மாடு செத்துருந்தா இன்சூரன்ஸ்காரங்க தோடு இல்லன்னா பணம் இல்லன்னுருப்பாங்க. அப்புறம் சந்தைல கைமாறுன மாடு? எங்க பக்கம் வாங்குனவங்க கம்ப்யூட்டர்ல பேரு மாத்தி நான் பாத்ததே இல்ல, பழைய ஆள் பேருலயேதான் கெடக்கு.