அந்தக் கோலம் யாருடையது என்று கேட்டீர்களா?

நம் விளையாட்டு விழாவுக்கு நிர்வாகக் குழு அச்சடித்த ரீசேர்ட் பற்றி வட்ஸ்அப் குழுவில் நான் எழுதியதற்கு வந்த பதில்களைப் பார்த்திருப்பீர்கள். என்னைக் குழுவை விட்டு விலகச் சொன்னவர்களும் உண்டு. நான் விலகவில்லை.

கேட்டது ஒரே கேள்வி. மரப்பட்டை ஓவியத்தில் இருந்த வைரக்கட்டக் கோலத்தை எடுத்து முதுகில் அச்சடித்தீர்களே, யாரிடம் கேட்டீர்கள்? "இணையத்தில் கிடந்தது" என்பது அதற்குப் பதில் இல்லை.

அவுஸ்திரேலியாவின் வடக்கே, ஆர்னம் லாண்டில் வாழும் யோல்ங்கு மக்களின் கோலம் அது. மழைக்காலத்தில் மரத்தில் சாறு ஓடும்போது பட்டையை உரித்து, நெருப்பில் வாட்டி, பாரம் வைத்துத் தட்டையாக்குவார்கள். காவி, வெள்ளைக் களிமண், கரி. மனித முடியில் கட்டிய தூரிகை. அதில் ஒரு கோடுகூட அலங்காரத்துக்காக இழுக்கப்படுவதில்லை. வைரக்கட்டம் குமாட்ஜ், மடார்ப்பா போன்ற குலங்களுக்கு உரியது. ஆதி நெருப்பும் அந்த நெருப்பில் முதுகு வெந்த முதலை மூதாதையும் அதற்குள் இருக்கிறார்கள். நமக்கு ஒரே கட்டமாகத் தெரிவது குலத்துக்குக் குலம் வேறு. எந்த நிலத்துக்கு, எந்த நீருக்கு யார் பொறுப்பு என்பதை அது சொல்கிறது. உரிமை இல்லாதவர் யோல்ங்குவாகவே இருந்தாலும் அதை வரையக்கூடாது.

"தம்பி, ஒரு ரீசேர்ட்டுக்கு இவ்வளவு தேவையா" என்று கேட்ட அண்ணைக்கு: 1966இல் வந்த அவுஸ்திரேலிய ஒரு டொலர் நோட்டில் டேவிட் மலங்கியின் பட்டை ஓவியத்தைக் கேட்காமலே போட்டார்கள். அது ஒரு மூதாதையின் சாவுச் சடங்கு. வரைந்தவர் எப்போதோ இறந்திருப்பார் என்று நினைத்தார்களாம். அவர் உயிரோடு இருந்தார். பிறகு ஆயிரம் டொலரும் ஒரு பதக்கமும் மீன்பிடிச் சாமானும் கொடுத்தார்கள். பண்டுக் மரிகாவின் புனித நீர்நிலை அச்சுப்படத்தை வியட்நாமில் கம்பளமாக நெய்து இங்கே விற்றார்கள், காலால் மிதிப்பதற்கு! அவரும் மற்றக் கலைஞர்களும் வழக்குப் போட்டு 1994இல் வென்றார்கள். எல்லாம் "சின்ன விசயம்" என்றுதான் தொடங்கியது.

"அவர்களே விற்கிறார்கள்தானே?" விற்கிறார்கள். எதை வெளியே காட்டலாம் என்று தீர்மானித்து, தங்கள் கையால் வரைந்ததை விற்கிறார்கள். நீங்கள் வாங்கவும் இல்லையே.

1963இல் யோல்ங்கு மக்களின் ஊரான யிர்க்கலாவின் நிலத்தை அரசு கேட்காமலே பொக்சைட் சுரங்கத்துக்கு ஒதுக்கியபோது, அந்த மக்கள் நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பினார்கள். தங்கள் மொழியிலும் ஆங்கிலத்திலும் தட்டச்சு செய்த தாளைப் பட்டையில் ஒட்டி, சுற்றிவரத் தங்கள் கோலங்களை வரைந்து அனுப்பினார்கள். கன்பராவில் அதைக் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்தபோது அப்பாவும் என்னோடு நின்றார். தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் வாசித்துச் சொன்னேன். அவர் ஓரத்துக் கோலத்தையே பார்த்துக்கொண்டு, "அப்ப இதுதான் உறுதி" என்றார். இடம்பெயர்ந்த ஒவ்வொரு முறையும் எங்கள் காணி உறுதிப் பத்திரத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு போனவர் அவர். அந்தக் காணியில் இன்னும் முள்வேலி நிற்கிறது.

அந்த மனு சுரங்கத்தை நிறுத்தவில்லை. 1971இல் நீதிமன்றமும் கைவிட்டது. அப்புறம்தான் 1976இல் நில உரிமைச் சட்டம் வந்தது. 1996இல் திருட்டு மீன்பிடிக் கூடாரம் ஒன்றில், அதுவும் முதலை மூதாதையின் புனித இடத்தில், வெட்டிய முதலைத் தலையை யோல்ங்கு மக்கள் கண்டார்கள். அதற்கும் பட்டையில்தான் பதில் சொன்னார்கள். 80 ஓவியங்கள், எங்கள் கடல் இது என்று. அலை ஏறி இறங்கும் நீரிலும் அவர்களுக்கு உரிமை உண்டு என்று 2008இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உங்கள் ரீசேர்ட்டில் இருப்பது அதே முதலையின் முதுகு.

என்னை மிகவும் நோகடித்தது, "நாங்களும் நிலம் இழந்தவர்கள், ஒற்றுமைக்காகத்தான் போட்டோம்" என்ற பதில். நிலம் இழந்தவன்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். நம்முடையதைக் கேட்காமல் எடுத்தபோது எப்படி வலித்தது என்று ஒவ்வொரு மே மாதமும் மேடையில் பேசுகிறோமே, அந்த வலியை இதற்கு மறைப்பாகக் கொண்டுவராதீர்கள். என் அப்பாவின் காணியைச் சொல்லி இன்னொருவரின் உறுதியை எடுக்க எனக்கு மனம் வராது.

மிச்ச ரீசேர்ட்டுகளை விற்காதீர்கள். யிர்க்கலாவில் புக்கு-லார்ங்கை முல்கா கலை மையம் இருக்கிறது, அவர்களுக்குக் கடிதம் எழுதுங்கள். கடிதத்தை வேண்டுமானால் நான் எழுதித் தருகிறேன். கையெழுத்து நிர்வாகக் குழுவுடையதாக இருக்க வேண்டும்.