ஜூன் முதல் வாரத்தில் பூக்களின் பள்ளத்தாக்குக்குக் கிளம்புகிறவர்களுக்கு

உத்தராகண்டில் உள்ள பூக்களின் பள்ளத்தாக்கு தேசியப் பூங்கா வருடா வருடம் ஜூன் 1 அன்று திறக்கிறது. அதற்கு முன்பே நம் ஊர் ட்ராவல்ஸ் குழுக்களில் விளம்பரம் ஓட ஆரம்பித்துவிடும். சரிவு முழுக்க இளஞ்சிவப்புப் பூ, நடுவே சிரித்தபடி ஒரு குடும்பம். அது ஆகஸ்டில் எடுத்த படம். ஜூன் முதல் வாரத்தில் அதே சரிவில் இருப்பது பனி, ஊறிப்போன மண், பழுப்பாகப் படுத்துக் கிடக்கும் போன வருடப் புல், அதற்கிடையே விரல் உயரத்துக்குத் தலைநீட்டும் தளிர்கள். இதைச் சொல்லாமல் பணம் வாங்குவது தப்பு. ஆனால் என்னை அதைவிட அதிகமாக உறுத்துவது, சீசன் தொடக்கத்தில் அங்கே போகிற நாம் எங்கே கால் வைக்கிறோம் என்பது.

ஏன் ஜூனில் போகிறோம் என்று எனக்குப் புரிகிறது. கோடை விடுமுறை முடிவதற்குள் பிள்ளைகளைக் கூட்டிப் போய் வந்துவிட வேண்டும். ஆகஸ்டில் லீவு கிடைக்காது, மழை வேறு. நியாயம்தான். ஆனால் கேட் திறக்கும் தேதி வனத்துறை போட்ட தேதி. பள்ளத்தாக்கு தன் கணக்குப்படிதான் பூக்கும். ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரைதான் உச்சம். நீங்கள் படத்தில் பார்த்த அந்த இளஞ்சிவப்பில் பெரும்பகுதி நம் காசித்தும்பையின் இமயமலை உறவுக்காரச் செடி. ஜூனில் அது தரையைவிட்டு எழுந்தே இருக்காது.

பாதையைச் சொல்லிவிடுகிறேன். பத்ரிநாத் சாலையில் உள்ள கோவிந்த்காட்டிலிருந்து புல்னா வரை 4 கிலோமீட்டர் ஜீப். அங்கிருந்து, இரவு தங்கும் ஊரான காங்கரியாவுக்குச் சுமார் 10 கிலோமீட்டர் ஏற்றம். காங்கரியா 3,000 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கிறது. கழுதையோ குதிரையோ அதுவரைக்கும்தான். மறுநாள் காலை வனத்துறைச் சாவடியில் பெர்மிட் வாங்கி, புஷ்பாவதி ஆற்றின் பாலத்தைக் கடந்து, பாறைச் சரிவை ஒட்டிச் செங்குத்தாக ஏறினால் பள்ளத்தாக்கின் வாய். உள்ளே தங்க அனுமதி கிடையாது, மாலைக்குள் எல்லோரும் திரும்பிவிட வேண்டும்.

அந்த ஏற்றத்திலும் அதற்கு மேலேயும் மலையிலிருந்து இறங்கும் ஓடைகள் பாதையைக் குறுக்கே வெட்டுகின்றன. குளிர்காலத்தில் மேலிருந்து சரிந்த பனியெல்லாம் இந்த ஓடைகளில்தான் வந்து அடைகிறது. சுற்றிலும் எல்லாம் கரைந்த பிறகும் இங்கே மட்டும் ஜூன் கடைசிவரைகூடக் கிடக்கும். மேலே பார்த்தால் அழுக்கு வெள்ளையில் கெட்டியான மேடு. அடியில் ஓடை ஓடிக்கொண்டே இருக்கிறது, பனியைக் கீழிருந்து குடைந்துகொண்டே இருக்கிறது. காது கொடுத்தால் சத்தம் கேட்கும். பாறையை ஒட்டிய இடமும் நம்பக்கூடாது: வெயிலில் பாறை சூடேறி, ஒட்டிய பனி உள்ளுக்குள் உருகிப் பொந்தாகியிருக்கும். வனத்துறை ஆட்களோ கைடுகளோ வெட்டி வைத்த தடம் இருந்தால் அதை விட்டு ஓர் அடிகூட விலகாதீர்கள். காலை 7 மணிக்கு அந்தப் பனி கல் மாதிரி இறுகி வழுக்கும், மதியம் தொடைவரை உள்ளே வாங்கும். மதியத்துக்கு மேல் உருகும் தண்ணீர் சேர்ந்து ஓடைகளும் ஏறும். காலையில் கல் மேல் கால் வைத்துத் தாண்டிய இடத்தில் திரும்பும்போது ஷூ முழுகும்.

பயமுறுத்தச் சொல்லவில்லை. 2023 ஜூன் தொடக்கத்தில், பக்கத்திலேயே சீக்கியர்களின் புனிதத் தலமான ஹேம்குண்ட் சாஹிப் போகும் வழியில் அட்லாகோட்டியில் பனி சரிந்து யாத்ரீகர்கள் சிக்கிக்கொண்டார்கள், ஒரு பெண் இறந்துபோனார். ராணுவத்தினர் பனியை வெட்டி வழி உண்டாக்கிக் கொடுக்கும் பாதை அது. அங்கேயே அப்படி என்றால், ஆள் நடமாட்டம் குறைந்த பள்ளத்தாக்குப் பாதையில் யாரும் உங்களைத் தூக்கிவிடக் காத்திருக்கப் போவதில்லை.

இனி நான் எழுத வந்த விஷயம். பனி விலகிய இடங்களில் பாதை சேறாக இருக்கும். கணுக்கால் வரை கறுப்புச் சேறு. என்ன செய்கிறோம்? ஷூ நனையக்கூடாது என்று பாதையைவிட்டு இறங்கிப் பக்கத்துப் புல்லில் நடக்கிறோம். முன்னால் போனவர் கால்பட்டு அந்தப் புல்லும் சேறாகிறது. அடுத்தவர் இன்னும் கொஞ்சம் தள்ளி இறங்குகிறார். இரண்டடிப் பாதை ஒரே காலை நேரத்தில் ஆறடியாக அகலுவதை நின்று பார்த்திருக்கிறேன். சேற்றின் ஓரத்தில் குனிந்து பார்த்தேன்: ஒரு ஷூ தடத்துக்குள் நான்கைந்து தளிர்கள், சிவப்பும் பச்சையும் கலந்த நிறத்தில், இலை விரியும் முன்பே மடங்கிக் கிடந்தன. உருகிய தண்ணீர் அந்தத் தடத்தில் குட்டையாக நின்றது.

நாற்றங்காலில் இறங்கி நடப்பதும் இதுவும் ஒன்றுதான். வருடத்தில் அந்தப் புல்வெளி மிகப் பலவீனமாக இருப்பது பனி உருகிய இந்தச் சில வாரங்களில். மண் தண்ணீரில் ஊறியிருப்பதால் மிதித்தால் அப்படியே அமுங்கி இறுகிவிடும், பிறகு வேர் இறங்காது, மழைத்தண்ணீர் உள்ளே போகாமல் மேலோடு ஓடி மண்ணை அரிக்கும். அந்த உயரத்துச் செடிகளுக்கு வளரக் கிடைப்பதே வருடத்தில் மூன்று நான்கு மாதம். பல செடிகள் அடுத்த வருடத்து மொட்டை முந்தைய வருடமே உருவாக்கி வைத்துக்கொண்டு பனிக்கடியில் காத்திருக்கும். ஜூனில் மிதிபட்ட தளிருக்கு ஜூலையில் இன்னொரு வாய்ப்பு பெரும்பாலும் இல்லை. ஆகஸ்டில் ஆயிரம் பேர் பாதையில் நடப்பதைவிட ஜூனில் ஐம்பது பேர் பாதையைவிட்டு இறங்குவது அந்த இடத்தை அதிகம் கெடுக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

அதனால் சொல்கிறேன்: சேறு வந்தால் சேற்றிலேயே நடங்கள். பாதையின் நடுவிலேயே நடங்கள். ஷூ கழுவினால் போய்விடும். நல்ல வாட்டர்ப்ரூஃப் ஷூ, முழங்கால்வரை மூடும் கெய்ட்டர், ஒரு கைத்தடி, பனியில் வழுக்காமல் இருக்க ஷூவுக்கு அடியில் மாட்டும் முள்பட்டையான மைக்ரோஸ்பைக். இவ்வளவு இருந்தால் ஒதுங்க வேண்டிய தேவையே வராது. எங்கள் கைடு, அந்தப் பக்கத்து ஊர்க்காரர், புல்லில் இறங்கின ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு மேலே ஏற்றினார். முகம் சுளித்தவர்களும் உண்டு. அந்தக் கண்டிப்புக்குத்தான் கூலிக்கு மேல் கொடுக்கத் தோன்றியது.

அந்த மலை மக்களிடம் இதற்கு ஒரு பழக்கமே இருக்கிறது. அங்கே பூக்கும் பிரம்மகமலத்தை, நந்தாதேவிக்கான திருவிழாவான நந்தாஷ்டமி வரும்வரை பறிக்க மாட்டார்கள். அதற்குள் செடி விதை பிடித்துவிடும். 1982-இல் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டபோது அவர்களின் ஆடுகளைத்தான் முதலில் வெளியேற்றினார்கள். அது சரியா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. ஆடு போகாத இடத்தில் நம் பூட்ஸ் போகலாமா என்று நான் கேட்பேன். 2005-இல் பள்ளத்தாக்கு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. பட்டியலில் இருப்பதால் தளிர் மிதிபடாமல் இருந்துவிடாது.

அப்படியானால் ஜூனில் போகவே கூடாதா? போகலாம். எனக்கு ஜூன் மிகவும் பிடிக்கும். கூட்டம் இருக்காது. காலையில் வானம் தெளிந்திருந்தால் பள்ளத்தாக்கின் தலைமாட்டில் பனிச்சிகரங்கள் கண்ணைப் பறிக்கும். ஜூலையில் மேகம் பாதி நாள் மறைத்துவிடும். நீலகிரியில் காட்டுப் பூவரசு (ரோடோடென்ட்ரான்) என்கிறோமே, அதன் இமயமலை இனம் ஓரங்களில் பூத்திருக்கும். பூர்ஜ (பிர்ச்) மரங்கள் அப்போதுதான் இலை விடும். பனி விளிம்பிலிருந்து ஒரு சாண் தள்ளி, தண்ணீர் கசியும் இடத்தில், ஊதா ப்ரிமுலாப் பூக்கள் கொத்தாக நிற்கும். 1931-இல் காமெட் சிகரம் ஏறித் திரும்பும் வழியில் இந்தப் பள்ளத்தாக்கில் இறங்கிய பிரிட்டிஷ் மலையேறி ஃபிராங்க் ஸ்மைத், 1937-இல் மறுபடி வந்து வாரக்கணக்கில் கூடாரமடித்துச் செடி சேகரித்தார். 1939-இல் அதே வேலைக்கு வந்த பிரிட்டிஷ் பெண் தாவரவியலாளர் ஜோன் மார்கரெட் லெக் சரிவில் தவறி விழுந்து இறந்தார், அவர் கல்லறை உள்ளேதான் இருக்கிறது. ஜூனில் அதுவரை போக முடியுமா என்பதை அன்றைய பனிதான் சொல்லும். சாவடியில் "இதற்கு மேல் வேண்டாம்" என்றால் வாதாடாமல் திரும்புங்கள்.

சின்னப் பிள்ளைகளோடு, பூக்கம்பளம் பார்க்க என்று போகிறவர்கள் தேதியை மாற்றுங்கள். ஆகஸ்ட் 15-ஐ ஒட்டி விடுமுறை சேர்ந்து வந்தால் அது பூவுக்குச் சரியான சமயம். மழைக்கோட்டு வேண்டும், நிலச்சரிவில் சாலை அடைபட்டால் காத்திருக்க இரண்டு நாள் கையில் வேண்டும், அறையை முன்கூட்டியே பிடிக்க வேண்டும். ஏற்கெனவே ஜூனுக்குப் பணம் கட்டிவிட்டவர்கள் ஏற்பாட்டாளரிடம் போன வருடம் அதே வாரத்தில் எடுத்த படத்தைக் கேளுங்கள். அனுப்பினால், அதைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.